நிக்கி லவுடா: பூசி மெழுகாத ஓட்டுநர்

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நிக்கி லவுடா முதல் வரிசையில் வரமாட்டார். 171 ஃபார்முலா ஒன் பந்தயங்கள், 25 வெற்றிகள், 3 உலகப் பட்டங்கள். ஷூமாக்கரும் ஹாமில்டனும் ஆளுக்கு 7 பட்டம் வைத்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் ஓட்டிய ஃபாங்கியோவுக்கே 5. சுத்தமான வேகம் என்று பேச்செடுத்தால் ஜிம் கிளார்க், அயர்டன் சென்னா என்று வேறு பெயர்கள்தான் முன்னால் வந்து நிற்கும்.

வெளியுலகம் அறிந்த லவுடா கதை ஒன்றே ஒன்று: தீயில் வெந்து, சாவின் வாசல்வரை போய், ஆறே வாரத்தில் மறுபடி காரில் ஏறிய மனிதர். நடந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு கதையோடு நின்றுவிட்டால் ஆளைக் கோட்டை விட்டுவிடுவோம். வலியைத் தாங்கிக்கொண்டு ஓட்டியவர்கள் அந்தக் காலத்தில் வேறு பலரும் உண்டு. லவுடாவிடம் இருந்த சரக்கு வேறு. எது பழுதோ அதைப் பழுது என்று, யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுவார். காரைப் பற்றிச் சொன்னார், முதலாளியிடம் சொன்னார், போயிங் நிறுவனத்திடம் சொன்னார், தன்னைப் பற்றியும் சொன்னார். அவர் வாங்கிய பட்டங்களும் பட்ட பகைகளும் இந்த ஒரே குணத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கட்சி.

1949 பிப்ரவரி 22 அன்று வியன்னாவில் பிறந்தார். காகித ஆலைக் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. தாத்தா ஹான்ஸ் லவுடா ஆஸ்திரியத் தொழிலதிபர்களில் பெரும்புள்ளி. குடும்பப் பெயர் பத்திரிகையில் வணிகப் பக்கத்தில் வரலாம், விளையாட்டுப் பக்கத்தில் வரக்கூடாது என்பது அவர் கொள்கை. பேரனுக்கு ஒரு வங்கி விளம்பரப் பணம் தர இசைந்தபோது, அந்த வங்கியில் தனக்கிருந்த செல்வாக்கை வைத்துத் தாத்தாவே அதை நிறுத்தினார். பேரன் வேறொரு வங்கிக்குப் போய், ஆயுள் காப்பீட்டைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கினார். பந்தய ஓட்டுநரின் உயிரை நம்பி ஒரு வங்கி கடன் கொடுத்தது அந்தக் காலத்தில் சாதாரணத் துணிச்சல் இல்லை. அப்போதுதான், 1970 செப்டம்பரில், ஆஸ்திரியாவின் செல்லப்பிள்ளை யோகன் ரிண்ட் இத்தாலியின் மான்சா பாதையில் மோதி இறந்திருந்தார். இறந்த பிறகு உலகப் பட்டம் பெற்ற ஒரே ஓட்டுநர் இன்றுவரை அவர்தான்.

கடன் பணத்தில் லவுடா வாங்கிய இடம் மார்ச் என்ற இங்கிலாந்து அணியில். 1972இல் அந்த அணி ஒரு புதுமையான காரைக் கட்டியது. அணியின் நட்சத்திரம் ஸ்வீடன்காரர் ரானி பீட்டர்சன், அதை ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்து ஏறிய லவுடா சில சுற்றுகளிலேயே இறங்கி, இது தேறாது என்றார். யார் பேச்சு எடுபடும்? பீட்டர்சன் பெரிய ஆள், இவரோ காசு கொடுத்து உள்ளே வந்த பையன். மூன்றே பந்தயங்களில் அந்தக் கார் மூலையில் போடப்பட்டது. பீட்டர்சன் பொய் சொல்லவில்லை. எந்தக் காரைக் கொடுத்தாலும் அதன் குறையைத் தன் கைத்திறமையால் மூடிவிடும் பிறவிக் கலைஞர் அவர். லவுடாவுக்கு அந்த வரம் இல்லை. அதனால் காரின் குறை அவர் கண்ணில் அப்படியே பட்டது. அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதற்குமான முதல் அத்தியாயம் இது.

அடுத்த வருஷம் பி.ஆர்.எம். அணி, மறுபடியும் தன்னிடம் இல்லாத பணத்தைத் தருவதாகச் சொல்லித்தான் இடம் பிடித்தார். மொனாக்கோவில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் கைவிட்டது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அதே அணியிலிருந்து ஃபெராரிக்குத் திரும்பிய கிளே ரெகஸோனியும் இவரைப் பற்றி அங்கே நல்ல வார்த்தை சொன்னார். 1974இல் லவுடா ஃபெராரி ஓட்டுநர்.

அன்றைய ஃபெராரி இன்று நாம் நினைக்கும் ஃபெராரி இல்லை. ஓட்டுநர் பட்டம் வாங்கிப் பத்து வருஷம் ஓடிவிட்டது. கடைசியாக வாங்கியவர் 1964இல் ஜான் சர்ட்டீஸ். 1973 முழுக்க ஒரு வெற்றி கூட இல்லை. பணம் இருந்தது. மாரனெல்லோவில் தொழிற்சாலையை ஒட்டியே ஃபியோரானோ என்ற சொந்தச் சோதனைப் பாதையும் இருந்தது. இல்லாதது, காரில் என்ன கோளாறு என்று பெரியவரிடம் வாய் திறந்து சொல்லும் ஆள். பெரியவர் என்றால் என்ஸோ ஃபெராரி. அவர் அரசவையில் கெட்ட செய்தி கொண்டுபோகிறவனுக்கு மரியாதை கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

லவுடா முதல் தடவை ஃபியோரானோவில் ஓட்டி முடித்ததும் என்ஸோ எப்படி என்று கேட்டார். மொழிபெயர்க்க நின்றவர் என்ஸோவின் மகன் பியரோ. கார் சுத்த மோசம் என்றார் லவுடா. அதை அப்படியே சொல்ல முடியாது என்று பியரோ கையைப் பிசைந்தார். எப்படியோ விஷயம் போய்ச் சேர்ந்தது. எதைச் சரிசெய்ய வேண்டும், சரிசெய்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று என்ஸோ கேட்க, திரும்பும்போது முன்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது, அதை மாற்ற வேண்டும் என்று லவுடா சொல்ல, சொன்ன நேரம் குறையாவிட்டால் உனக்கு வேலையில்லை என்று பெரியவர் முடித்துக்கொண்டார். பொறியாளர் மவ்ரோ ஃபோர்கியேரி மாற்றிக் கொடுத்தார். நேரம் குறைந்தது. இதை லவுடாவே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார், கொஞ்சம் மெருகேறியும் இருக்கலாம். ஆனால் அதன் பிறகு நடந்தது பதிவில் இருக்கிறது.

சோதனை ஓட்டம் என்பது பார்வையாளர் இல்லாத, சலிப்பூட்டும் வேலை. ஒரே பாதையில் நாள் முழுக்கச் சுற்ற வேண்டும். இறக்கையின் கோணத்தைத் துளி மாற்றிவிட்டு ஐந்து சுற்று, ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு ஐந்து சுற்று. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓட்டினால்தான் வித்தியாசம் காரிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்று தெரியும். லவுடா ஃபியோரானோவில் குடியிருந்தார் என்றே சொல்லலாம். இவருக்கு ‘கம்ப்யூட்டர்’ என்று பெயர் வந்தது இதனால்தான். எலி என்ற பட்டப்பெயரும் இருந்தது. அது முன்பல்லுக்காக.

1974இல் 9 முறை முதலிடத்திலிருந்து கிளம்பி இரண்டே பந்தயங்களில்தான் ஜெயிக்க முடிந்தது. 1975இல் ஃபோர்கியேரியின் 312டி வந்தது. கியர்பாக்ஸைக் குறுக்குவாட்டில் பின் அச்சுக்கு முன்பாகத் திருப்பி வைத்த கார். கனமான பாகங்கள் காரின் நடுவுக்கு நகர்ந்ததால் வளைவில் சட்டென்று திரும்பும். இந்தக் காரில் மொனாக்கோ, பெல்ஜியம், ஸ்வீடன், பிரான்ஸ், அமெரிக்கா என்று 5 வெற்றிகளும் உலகப் பட்டமும் லவுடாவுக்கு வந்தன. அதே ஆண்டு ஜெர்மனியின் பழைய நூர்பர்க்ரிங் பாதையை 7 நிமிடத்துக்குள் சுற்றிய முதல் ஆள் ஆனார். 22.8 கிலோமீட்டர், 6 நிமிடம் 58.6 விநாடி.

நூர்பர்க்ரிங், மான்சா, ஃபூஜி

அந்தப் பாதையில் யாரையும்விட வேகமாகப் போனவர்தான், அதில் பந்தயம் வைக்கக்கூடாது என்று 1976இல் சொன்னார். இதைக் கோழைத்தனம் என்றவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர் வாதம் எளிது. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் வளைந்து நெளிந்து போகும் 22.8 கிலோமீட்டருக்கும் தீயணைப்பாளர், மருத்துவர், வண்டி என்று நிறுத்த யாராலும் முடியாது. ஒரு முனையில் மழை பெய்யும், மறுமுனை காய்ந்து கிடக்கும். சாதாரணப் பாதையில் தப்பிக்கக்கூடிய விபத்து இங்கே உயிரை எடுக்கும். ஓட்டுநர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். ஒரே ஒரு வாக்கில் லவுடா தோற்றார் என்பார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். 1973 ஜூலையில் ஹாலந்தின் ஸான்ட்ஃபோர்ட்டில் ரோஜர் வில்லியம்சன் என்ற இளம் ஓட்டுநரின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஆளுக்குக் காயம் பெரிதாக இல்லை, வெளியே வரத்தான் முடியவில்லை. டேவிட் பர்லி என்ற இன்னொரு ஓட்டுநர் தன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தனியொருவராகக் காரைப் புரட்டப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பணியாளர்களுக்குத் தீயைத் தாங்கும் உடுப்பு இல்லை. மற்ற ஓட்டுநர்கள், கவிழ்ந்த காரின் ஓட்டுநர்தான் பத்திரமாக வெளியே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு சுற்றுக்குச் சுற்று கடந்து போனார்கள். வில்லியம்சன் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க இறந்தார். அந்தப் பந்தயத்தில் லவுடாவும் ஓடியிருந்தார்.

1976 ஆகஸ்ட் 1. நூர்பர்க்ரிங்கில் இரண்டாவது சுற்று, பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால். ஃபெராரி திடீரென்று வலப்பக்கம் பாய்ந்து மண்மேட்டில் மோதி, தீப்பற்றியபடி பாதையின் நடுவுக்கே திரும்பி வந்தது. பின்னால் வந்த பிரெட் லங்கரின் கார் அதன்மேல் மோதியது. லவுடாவின் ஹெல்மெட் கழன்று போயிருந்தது. அவர் சொன்னது போலவே தீயணைப்பு வண்டி பக்கத்தில் எங்கும் இல்லை. காப்பாற்றியவர்கள் சக ஓட்டுநர்கள்: லங்கர், கை எட்வர்ட்ஸ், ஹெரால்ட் எர்ட்ல், ஆர்டுரோ மெர்ஸாரியோ. தீக்குள் கையை விட்டு இடுப்பு வாரை அவிழ்த்தது மெர்ஸாரியோ. 1973 வரை ஃபெராரி ஓட்டுநராக இருந்து, லவுடா வந்த வருஷம் இடம் இழந்தவர் அவர்.

முகமும் தலையும் வெந்தது வெளியே தெரிந்தது. உயிருக்கு உலை வைத்தது உள்ளே போன புகை. எரிந்த பிளாஸ்டிக்கின் நச்சுக்காற்று நுரையீரலை அரித்திருந்தது. மன்ஹைம் மருத்துவமனையில் பாதிரியார் வந்து, சாகக் கிடப்பவருக்குச் செய்யும் நோயில்பூசுதல் சடங்கைச் செய்துவிட்டுப் போனார். ஃபார்முலா ஒன் பந்தயம் அதற்குப் பிறகு அந்தப் பழைய பாதைக்குத் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 12 அன்று மான்சாவில் லவுடா மறுபடி காரில் இருந்தார். நடுவில் விட்டது இரண்டே பந்தயங்கள். ஃபெராரி அவருக்குப் பதிலாக கார்லோஸ் ராய்ட்டமனை ஒப்பந்தம் செய்திருந்தது. எழுந்து வந்தவருக்கும் இடம் கொடுக்க வேண்டியதாகி, மூன்று கார்களை இறக்கியது. முழுதாக ஆறாத தலையைக் கட்டிக்கொண்டு, மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நான்காவதாக முடித்தார். கழற்றும்போது கட்டு முழுக்க ரத்தம்.

வழக்கமாகக் கதை இங்கே உச்சத்துக்குப் போய் நிற்கும். ஆனால் மான்சாவில்தான் அவர் ஒரு பொய்யும் சொன்னார். பயத்தை வென்றுவிட்டேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அது உண்மையில்லை, முதல் நாள் காரில் ஏறியபோது பயத்தில் உடம்பே விறைத்துப்போயிற்று, எதிராளிகளுக்கு என் பலவீனத்தைக் காட்டக்கூடாது என்று அப்படிச் சொன்னேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பயத்தை அவர் கையாண்ட விதம்தான் லவுடா பாணி. பழையபடி வேகமாக ஓட்டவேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, முதலில் மெதுவாக, தனக்குப் பிடித்தபடி ஓட்டினார். வேகம் தானாக வந்தது.

அக்டோபர் 24, ஜப்பானின் ஃபூஜி. கடைசிப் பந்தயம். லவுடா 68 புள்ளி, மெக்லாரனில் ஓட்டிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஹன்ட் 65. இருவரும் நல்ல நண்பர்கள், ஒருகாலத்தில் லண்டனில் பழகியவர்கள். எலியும் பூனையுமாகக் காட்டியது பத்திரிகைகளுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அன்று காலையிலிருந்து கொட்டும் மழை, மூடுபனி, பாதையில் ஓடை ஓடையாகத் தண்ணீர். பந்தயம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு நேரம் குறித்தாகிவிட்டதால் கடைசியில் தொடங்கியே விட்டார்கள். இரண்டு சுற்று ஓடிய லவுடா, காரைப் பணிமனைப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார்.

ஃபோர்கியேரி ஓடி வந்து, இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்டதுதான். உலகமே நம்பியிருக்கும். லவுடா வேண்டாம் என்றார். இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம், அதனால் நிறுத்தினேன், அதையே சொல்லுங்கள். கையில் இன்னொரு நியாயமான சாக்கும் இருந்தது: வெந்துபோன இமைகளால் சரியாகக் கண்ணைச் சிமிட்ட முடியவில்லை. அதையும் அவர் முன்னால் தள்ளவில்லை. எமர்சன் ஃபிட்டிபால்டி, கார்லோஸ் பாசே, லாரி பெர்கின்ஸ் ஆகியோரும் அன்று நிறுத்தினார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்கள் பட்டத்துக்குப் போட்டியில் இல்லையே. மழை விட்டது. பாதை காய்ந்தது. டயர் தேய்ந்து பின்தங்கிய ஹன்ட் கடைசிச் சுற்றுகளில் துரத்தி வந்து மூன்றாவதாக முடித்து 4 புள்ளி எடுத்தார். 69க்கு 68. பட்டம் ஹன்டுக்கு.

மான்சாவைவிட ஃபூஜியே பெரிய செயல் என்று எனக்குப் படுகிறது. மான்சாவில் கூட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஃபூஜியில் இத்தாலியப் பத்திரிகைகள் கோழை என்று எழுதும் என்று தெரிந்தே இறங்கினார், எழுதவும் செய்தார்கள். ஃபெராரி வெளியே விட்டுக்கொடுக்காமல் பேசினாலும், உள்ளே ராய்ட்டமனைத் தூக்கி வைத்தது. லவுடா 1977இல் மூன்று பந்தயங்களை ஜெயித்து, மற்றவற்றில் புள்ளி சேர்த்து, 72 புள்ளிகளோடு பட்டத்தைத் திரும்ப எடுத்தார். இரண்டாவது வந்த ஷெக்டருக்கு 55. பட்டம் உறுதியானதும் சீசனில் மிச்சமிருந்த இரண்டு பந்தயங்களைக்கூட ஓட்டாமல் ஃபெராரியை விட்டு நடையைக் கட்டினார். கனடாவில் அந்தக் காலி இடத்துக்கு வந்த சின்னப் பையன் ழில் வில்நவ்.

பிரபாம் அணியில் கழிந்த இரண்டு வருஷம் சுமார்தான், ஒரே ஒரு வேடிக்கையைத் தவிர. 1978இல் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மரே, காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியை வைத்தார். இன்ஜினைக் குளிர்விக்க என்று விதிமுறைக்காரர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அது காருக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியே தள்ளி, காரைத் தரையோடு ஒட்டவைத்தது. ஸ்வீடனில் லவுடா அரை நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து ஜெயித்தார். எதிரணிகள் கூச்சலிட, அந்தக் கார் மறுபடி பந்தயத்துக்கே வரவில்லை. 1979இல் மான்ட்ரியாலில் பயிற்சியின் நடுவே காரை நிறுத்திவிட்டு, வட்டம் வட்டமாகச் சுற்றி அலுத்துவிட்டது என்று சொல்லி ஊருக்குக் கிளம்பினார். சொந்த விமான நிறுவனம் அப்போதே தொடங்கியாகிவிட்டது.

அரைப் புள்ளி

1982இல் மெக்லாரன் அவரைத் திரும்பக் கூட்டி வந்தது. விமானத் தொழில் பணம் தின்றது என்பதும் ஒரு காரணம். வந்ததும் வராததுமாகத் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் வேலைநிறுத்தம். ஓட்டுநர் உரிமப் படிவத்தில், ஒரு அணியோடு ஓட்டுநரைக் கட்டிப்போடும் ஒரு வரி புதிதாக நுழைக்கப்பட்டிருந்தது. பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். லவுடா படித்தார். சக ஓட்டுநர் டிடியே பிரோனியோடு சேர்ந்து மற்ற ஓட்டுநர்களைப் பேருந்தில் ஏற்றி, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் அடைத்து, இரவு முழுக்கத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தார். எலியோ டி ஏஞ்சலிஸ் பியானோ வாசித்தார். கடைசியில் பந்தயம் நடந்தது, பின்னால் அபராதமும் வந்தது. மீண்டு வந்த மூன்றாவது பந்தயத்திலேயே, லாங் பீச்சில், லவுடா ஜெயித்தார்.

ஆனால் அவர் திறமையின் முழு அளவு தெரிந்தது 1984இல் என்பேன். ஜான் பார்னார்ட் வடிவமைத்த மெக்லாரன், போர்ஷே கட்டிய டர்போ இன்ஜின். 16 பந்தயங்களில் 12ஐ அந்த அணியே வென்றது. சிக்கல், பக்கத்துக் காரில் இருந்த அலென் ப்ரோஸ்ட். லவுடாவைவிட ஆறு வயது இளையவர், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்யும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் கிட்டத்தட்ட எப்போதும் இவரைவிட வேகம். 35 வயது லவுடா இதை ஒத்துக்கொண்டு கணக்கை மாற்றிப் போட்டார். சனிக்கிழமை ப்ரோஸ்டைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குக் காரைத் தயார் செய்வதில் நேரத்தைச் செலவிட்டார். அந்த ஆண்டு நடுவில் எரிபொருள் நிரப்பத் தடை, மொத்தமே 220 லிட்டர்தான். வண்டியை வதைக்காமல் ஓட்டுகிறவருக்கு ஏற்ற விதி. அந்த வருஷம் லவுடா ஒரு பந்தயத்தில்கூட முதலிடத்திலிருந்து கிளம்பவில்லை. வெற்றிகளிலும் ப்ரோஸ்டுக்கு 7, இவருக்கு 5.

போர்ச்சுகலின் எஸ்டோரிலில் கடைசிப் பந்தயம். ப்ரோஸ்ட் ஜெயித்தாலும் லவுடா இரண்டாவது வந்தால் போதும். லவுடா கிளம்பியது 11ஆவது இடத்திலிருந்து. ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவது இடம்வரை வந்துவிட்டார். இரண்டாவதாக ஓடிய நைஜல் மான்செல் எட்டாத தூரத்தில் இருந்தார். மான்செலின் பிரேக் போய், கார் சுழன்றது. 72க்கு 71.5. ஃபார்முலா ஒன் வரலாற்றில் இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் ஓட்டுநர் பட்டம் முடிவானதில்லை.

அந்த அரைப் புள்ளி வந்த கதை இன்னும் சுவையானது. ஜூன் மாதம் மொனாக்கோவில் கடும் மழை. ப்ரோஸ்ட் முன்னால், பின்னாலிருந்து அயர்டன் சென்னா என்ற புதுமுகம் பாய்ந்து வந்துகொண்டிருந்தார். லவுடா ஏற்கெனவே சுழன்று வெளியேறிவிட்டார். பாதித் தூரம்கூட முடியாத நிலையில் பந்தயம் நிறுத்தப்பட்டது. வெற்றி ப்ரோஸ்டுக்கு, ஆனால் விதிப்படி புள்ளிகள் பாதி: 9க்குப் பதில் 4.5. பந்தயம் முழுதாக நடந்து, ப்ரோஸ்ட் சென்னாவிடம் தோற்று இரண்டாவது வந்திருந்தால் 6 புள்ளி கிடைத்திருக்கும், ஆண்டுக் கடைசியில் பட்டமும் அவருடையதாகியிருக்கும். ப்ரோஸ்ட் பட்டத்தை இழந்தது ஒரு பந்தயத்தை ஜெயித்ததால்தான் என்றுகூடச் சொல்லலாம்.

1985இல் ஸான்ட்ஃபோர்ட்டில் கடைசி வெற்றி, அடிலெய்டில் விடைபெறல். கிடைத்த கோப்பைகளை ஊரிலிருந்த கார் கழுவும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இலவசமாகக் காரைக் கழுவிக்கொண்டார்.

223 பேர்

தன் வாழ்க்கையின் மோசமான காலம் நூர்பர்க்ரிங் இல்லை என்று லவுடா சொல்வதுண்டு. 1991 மே 26 இரவு, பாங்காக்கிலிருந்து வியன்னா கிளம்பிய லவுடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767, கால் மணி நேரத்தில் தாய்லாந்துக் காட்டுக்குள் சிதறி விழுந்தது. 223 பேரும் இறந்தார்கள். 767 ரக விமானத்துக்கு அதுதான் முதல் உயிர்ப்பலி விபத்து. லவுடா வெறும் முதலாளி மட்டுமில்லை, அதே ரக விமானத்தைத் தானே ஓட்டும் விமானி. மறுநாளே அந்தக் காட்டில் நின்றார். பந்தயக் காரில் சாவது நான் தெரிந்தே எடுத்த அபாயம், டிக்கெட் வாங்கியவர்கள் அப்படி எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர் வாதம். தவறு எங்கள் நிறுவனத்தின் மீது என்று தெரிந்தால் விமானத் தொழிலை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார்.

பறக்கும்போது இடது இன்ஜினின் த்ரஸ்ட் ரிவர்சர் தானாகத் திறந்துகொண்டது தெரியவந்தது. விமானம் தரையிறங்கி ஓடும்போது இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் கருவி அது. நடுவானில் திறக்கவே கூடாது. அப்படித் திறந்தாலும் விமானியால் சமாளிக்க முடியும் என்று 767க்கு அனுமதி வாங்கும்போது கருதப்பட்டிருந்தது. அதற்கான சோதனை குறைந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், இன்ஜினை மெல்ல ஓடவிட்டுச் செய்யப்பட்டது. முழு விசையில் மேலேறிக்கொண்டிருந்த விமானத்தில் நடந்தது வேறு. திரும்பிய காற்று இடது இறக்கையின் தூக்குவிசையைக் குலைத்தது. விமானிகளுக்குக் கிடைத்தது சில விநாடிகள்.

லவுடா சியாட்டிலுக்குப் போனார். போயிங்கின் பாவனைக் கருவியில் (சிமுலேட்டரில்) தானே உட்கார்ந்து, அந்த நிலைமையை உண்டாக்கி, மீட்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியானால் எங்கள் விமானிகளால் எதுவும் செய்திருக்க முடியாது என்று அறிக்கை விடுங்கள் என்றார். வழக்கறிஞர்களைக் கேட்க வேண்டும் என்று போயிங் தரப்பு இழுத்தது. சரி, ஒரு 767ஐ எடுத்துக்கொண்டு நான் மேலே போகிறேன், ரிவர்சரைத் திறக்கிறேன், சமாளிக்க முடியும் என்றால் உங்கள் ஆட்களும் கூட வரட்டும் என்றார் லவுடா. அறிக்கை வந்தது. இது அவர் வாய்மொழி. பதிவில் உறுதியாக இருப்பது, பிறகு 767களின் ரிவர்சர் அமைப்பில் கூடுதல் பூட்டு சேர்க்கப்பட்டது என்பது. அந்தக் கருவி தானாகத் திறந்ததன் மூலகாரணம் என்ன என்பதைத் தாய்லாந்து விசாரணைக் குழுவால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விமானத்தின் தரவுப் பதிவுக் கருவி தீயில் கருகிவிட்டிருந்தது.

இந்தக் குணத்தைக் கொண்டாடும்போது அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லோராலும் லவுடாவோடு வேலை செய்ய முடியவில்லை. 2001, 2002இல் ஜாகுவார் அணிக்குத் தலைவராகப் போனவர் ஒன்றும் கழற்றவில்லை. இன்றைய கார்களை ஓட்டுவது சுலபம் என்று பேசிவந்தவர், தானே ஒரு நாள் வலென்சியாவில் அணியின் காரில் ஏறி, சுழன்று நின்றார். மறைக்கவில்லை, ஆனாலும் அந்த அணிக்கு அதனால் வேகம் கூடவும் இல்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

மெர்சிடிஸில் கதை வேறாகப் போனது. 2012இல் அந்த அணியின் நிர்வாகம் சாராத தலைவராக வந்தார், பிறகு 10 சதவீதப் பங்கும் வாங்கினார். ஸ்டுட்கார்ட் தலைமையகத்தில் போய்ப் பணம் போதாது என்று சொல்வதும், லூயிஸ் ஹாமில்டனிடம் போய் மெக்லாரனை விட்டு வா என்று சொல்வதும் அவர் வேலை. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு பந்தயம் ஜெயித்திருந்த அணிக்கு ஹாமில்டன் போவதைப் பார்த்துப் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2014இல் ஹைபிரிட் இன்ஜின் விதி வந்தது. லவுடா உயிரோடு இருந்தவரை ஐந்து சீசன்களிலும் அணிப் பட்டம் மெர்சிடிஸுக்கே, அதில் நான்கில் ஓட்டுநர் பட்டம் ஹாமில்டனுக்கு. அந்தக் காலமெல்லாம் தலையில் சிவப்புத் தொப்பி. வெந்த தலையை மறைக்கப் போட்டது, போட்டதும் அதில் விளம்பரம் விற்றுவிட்டார்.

நூர்பர்க்ரிங் நெருப்பைத் தாண்டி வந்த உடம்பை அறுவை மேசைகள் விடவில்லை. இருமுறை சிறுநீரகம் மாற்றினார்கள். 1997இல் கொடுத்தது தம்பி ஃப்ளோரியன், 2005இல் பின்னாளில் மனைவியான பிர்கிட். 2018 ஆகஸ்டில் வியன்னாவில் நுரையீரல் மாற்று. 2019 மே 20 அன்று சூரிச்சில் இறந்தார், வயது 70. வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயத்தில் பெட்டியின் மேல் ஹெல்மெட்டை வைத்து விடை கொடுத்தார்கள்.

அந்த வாரமே மொனாக்கோ பந்தயம். மெர்சிடிஸ் கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேலிருக்கும் காப்பு வளையத்துக்குச் சிவப்பு பூசியிருந்தார்கள். லவுடா பாணி ஹெல்மெட் போட்டுக்கொண்டு முதலில் ஓடிய ஹாமில்டனுக்கு மாட்டியது தவறான டயர், பின்னாலேயே வெர்ஸ்டாப்பன். இது தாங்காது, ஏன் இதைப் போட்டீர்கள் என்று அணியின் ரேடியோவில் பந்தயம் முழுக்கத் திட்டிக்கொண்டே ஓட்டி, ஹாமில்டன் ஜெயித்தார்.